ஓட்டை போட்டு அழித்த காலம்!

பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசுக்கு மாறுகிறவர்கள் என்ன குறை சொல்வார்கள்? ‘வேகம் போதாது, கலர் சரியில்லை’ என்றா? டெர்மினல் எமுலேட்டரை மாற்றியவர்கள் பல வருடங்களாக அலுக்காமல் சொல்லிவந்த புகார் வேறு. ‘பேக்ஸ்பேஸை அமுக்கினால் எழுத்து அழிய மாட்டேன் என்கிறதே, சார்!’

அழியாவிட்டால்கூடப் பரவாயில்லை. தொப்பி மாதிரி ஒரு குறி, பக்கத்திலேயே ஓர் ‘எச்’ என்று திரையில் புதுசாக வேறு முளைக்கும். ஒன்றை அழிக்கப்போய் இரண்டு வரவு!

குற்றவாளி யார்? கொஞ்சம் பின்னால் போகலாம், வாருங்கள்.

1963. அமெரிக்காவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து ‘ஆஸ்கி’ என்று பட்டியல் போட்டார்கள். அப்போது ஏது திரை? டெலிடைப் மெஷின்தான். தட்டினால் காகிதத்தில் அச்சாகும். காகித நாடாவில் ஓட்டையும் போடலாம். தப்பான ஓட்டை விழுந்துவிட்டால்? அடைக்க வழியில்லை. ஆனால், மிச்ச இடங்களிலும் ஓட்டை போடலாமே! வரிசை முழுக்க ஓட்டை என்றால், ‘இதைக் கண்டுகொள்ளாதே’ என்று அர்த்தம். ஏழு இடங்களின் மதிப்பு 64, 32, 16, 8, 4, 2, 1. கூட்டிப் பாருங்கள்... 127. அதுதான் ‘டெலீட்’!

ஓர் எழுத்து பின்னால் நகர்வதற்கு வேறு எண், 8. எட்டாவது ஆங்கில எழுத்து ‘எச்’. திரையில் முளைத்தவர் யாரென்று புரிகிறதா?

1978-ல் டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் வந்தபோது இரண்டுக்கும் தனித்தனி பட்டன். 1983-ல் வந்த விடி220-ல் அழிக்கிற பட்டன் மட்டும். அது அனுப்பியது 127. 1981-ல் பிறந்த ஐ.பி.எம். பி.சி-யின் பேக்ஸ்பேஸோ 8-ஐப் பிடித்துக்கொண்டது. ஆக, ஒரே வேலைக்கு இரண்டு வம்சம்!

மெஷின்கள் மியூசியத்துக்குப் போய்விட்டன. அவற்றைப்போல வேஷம் கட்டும் சாஃப்ட்வேர்கள் வந்தன. 1984-ல் தொடங்கிய எக்ஸ்டெர்ம், 1999-ல் வெளியான புட்டி என்று வரிசையாக. இவை ஓர் எண்ணை அனுப்பி, எதிர்முனைக் கம்ப்யூட்டர் இன்னோர் எண்ணை எதிர்பார்த்தால் தகராறுதான். ஒரு தரப்புக்காகத் திருத்தினால் மறு தரப்பு அலறும். அதனால்தான் புட்டி, ‘8-ஆ, 127-ஆ? நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று செட்டிங்ஸில் விட்டுவிட்டது.

உங்கள் ஆபீஸில் ஒருவர், ‘பழசே போதும்’ என்று முரண்டு பிடித்தால், மாற பயப்படுகிறார் என்று உடனே முத்திரை குத்தாதீர்கள். எந்த பட்டன் வேலை செய்யவில்லை என்று முதலில் கேளுங்கள். அவருடைய புகாருக்கு அறுபது வருடக் காரணம் இருக்கலாம்!