புஸ்ஸி ஏறிய மலை

புஸ்ஸி வீதிக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்று சொன்னால்தான் வண்டி நகர்கிறது. அந்தப் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது, உங்களில் பலர் அதில் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். போன வாரம் என் பேரன், "யார் தாத்தா இந்தப் புஸ்ஸி?" என்று கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்தேன், 1971 மே மாதத்தில் போய் நின்றுவிட்டேன்.

எங்கள் பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். லுவார் நதி எந்த மலையில் பிறக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வில்லியனூர் வழியாக ஓடும் நம் சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கத்தில் பிறக்கிறது, அதற்குச் செஞ்சி ஆறு என்றே ஒரு பெயர் உண்டு என்பதெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. செஞ்சி என்ற பெயரைப் பள்ளியில் கேட்டது ஒரே ஒரு இடத்தில். சரித்திர ஆசிரியர் மேசையைத் தட்டிச் சொல்வார்: "ஔரங்கசீப்பின் படைக்கு அந்தக் கோட்டையைப் பிடிக்க எட்டு வருஷம். புஸ்ஸிக்கு ஒரே ராத்திரி!" அவருக்கு மார்பு நிமிரும். நமக்கும் நிமிரும். ஏன் நிமிர்ந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

மோரீஸ் ஹெர்சோக் எழுதிய 'அன்னபூர்ணா' அந்த நாளில் எங்களுக்கு வேதம். 1950 ஜூன் 3ஆம் தேதி அவரும் லாஷெனாலும் அந்தச் சிகரத்தில் கால் வைத்தார்கள். இறங்கும்போது பனி கடித்துக் கால்விரல்களை இழந்தார்கள். அந்தப் புத்தகம் எங்கள் நாலு பேரிடம் சுற்றிச் சுற்றி அட்டை கிழிந்துபோனது. ஒருவன் நெட்டையன். ஒருவன் மருந்துக்கடைப் பையன். மூன்றாமவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்போம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவன் அப்பா இந்தோசீனாவில் சண்டை போட்டவர். நாலாவது ஆள் நான்.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீதியில் ஆறு வீடு தள்ளி இருந்த நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆறு மாதத்தில் இரண்டு தேசத்துப் பிள்ளைகளாகிவிட்டோம். பதினொரு வயதில் அது உறைக்கவில்லை. இருபது வயதில் உறைத்தது. 1971 ஜூனில் அவன் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்வதாக ஏற்பாடு. மருத்துவப் பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. போவதற்கு முன் ஒரு மலை ஏறிவிட வேண்டும் என்றான். நம் பக்கத்தில் மலை என்றால் செஞ்சிதானே.

மருந்துக்கடைப் பையனின் சித்தப்பாவிடம் ஒரு பழைய பெழோ 203 இருந்தது. ஸ்டீரிங் இடது பக்கம். முன்னால் போகும் மாட்டுவண்டியைத் தாண்ட வேண்டுமானால், வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் தலையை வெளியே நீட்டி "போ, போ" என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. அந்த வருஷம் ஆகஸ்டு கடைசியில்தான் அதை எடுத்தார்கள். எல்லையில் செக்போஸ்ட். நாங்களோ குடிதண்ணீரை ஒயின் பாட்டில்களில் நிரப்பிக் கொண்டுபோயிருந்தோம்! ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பன்னிரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். கடைசிப் பாட்டிலை முகர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றுவரை விளங்கவில்லை. அங்கேயே அரைமணி போய்விட்டது. கிளியனூர், திண்டிவனம் தாண்டிச் செஞ்சி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

போனவர்களுக்குத் தெரியும், மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் வளைத்து ஒரே மதில். அடிவாரத்தில் கல்யாண மகால், குளங்கள், வெங்கடரமணர் கோயில். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி. உச்சிக்குப் போகுமுன் ஒரு பெரிய பிளவு. அந்தக் காலத்தில் அதன் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் அசைக்க முடியாது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றிப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்து, மொகலாய முற்றுகையை 1698 வரை தாங்கினார். முற்றுகை போட்ட சுல்பிகார் கானுக்கே அதை முடிப்பதில் அக்கறை இல்லை என்பார்கள். அதனால் எட்டு வருஷக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் அதைச் சொல்லவில்லை.

இனி புஸ்ஸி. 1750 செப்டம்பரில் அவருக்கு வயது 32. நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்ட காலம். துய்ப்ளே சந்தா சாகிப் பக்கம். திருவதிகைப் பக்கத்தில் தோற்று ஓடிய முகமது அலியின் படை செஞ்சியில் வந்து ஒண்டியிருந்தது. புஸ்ஸி சிறு படையோடு முன்னால் வந்து, கோட்டைக்கு வெளியே நின்றவர்களைச் சிதறடித்தார். இருட்டிய பிறகு வாசற்கதவை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார். பிறகுதான் சங்கடம். கீழே ஊர் கையில் இருக்கிறது, மூன்று மலையிலிருந்தும் குண்டு பொழிகிறது. நிலா மறையும்வரை பொறுத்திருந்து, இருட்டில் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. பிரெஞ்சுத் தரப்பில் செத்தவர்கள் மிகக் குறைவு.

எங்கள் திட்டம், படிக்கட்டில் ஏறக் கூடாது, புஸ்ஸியின் ஆட்கள் ஏறிய மாதிரி பாறையில் ஏற வேண்டும் என்பது. அவர்களும் படிவழியாகத்தான் ஏறியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இருபது வயதில் தோன்றவில்லை. எங்கள் ஆயுதம் கிணற்றுக்கு வாங்கிய தேங்காய் நார்க் கயிறு. காலில் கான்வாஸ் ஷூ. ராஜகிரிப் படியை விட்டு விலகி, ஒரு பெரிய சரிவுப் பாறையில் தொற்றினோம். முதல் அரைமணி நேரம் ஹெர்சோக் எல்லாம் எங்களிடம் தோற்றார். பிறகு பாறை சுட ஆரம்பித்தது. தோசைக்கல்லில் கை வைத்துப் பாருங்கள், அப்படி. பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கையோடு வந்தது. கொண்டுவந்த தண்ணீரைக் காரிலேயே பாதி வைத்துவிட்டோம், மீதியைக் குடித்துவிட்டோம். பத்தரை மணிக்கு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

நெட்டையன் முன்னால் போய்ப் பாறை இடுக்கில் முளைத்திருந்த ஒரு சிறிய இச்சி மரத்தில் கயிற்றைக் கட்டினான். அடுத்து ஏறியவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் பாரம் ஏறியதும் மரம் வேரோடு வந்தது. அவன் பத்துப் பன்னிரண்டு அடி என்னைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போய் ஒரு கல் திட்டில் மோதி நின்றான். அதற்குக் கீழே பிடிப்பதற்கு எதுவும் இல்லை. முழங்கால் கிழிந்து ரத்தம் பாறையில் ஓடியது. "காலை அசைக்க முடியல" என்று கத்தினான்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த நொடியில் எனக்கு முதலில் வந்த எண்ணம், அவன் உயிரோடு இருக்கிறானே என்பதல்ல. கால் முறிந்திருந்தால் இவனைப் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள், நம்மோடேயே இருந்துவிடுவான் என்பதுதான். நினைத்தேன், உடனே வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் இருந்த மருந்துக்கடைப் பையன் அதற்குள் அவன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் கூச்சல் கேட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். வெறுங்கால். நாங்கள் இரண்டு மணி நேரம் போராடிய பாறையில், எங்களுக்குத் தெரியாத ஒரு வரப்பு மாதிரியான வழியில் சர்வ சாதாரணமாக நடந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏம்பா, படி இருக்குதில்ல? படியை உட்டுட்டுப் பாறையில ஏறுறவன் ஒண்ணு திருடன், இல்லாட்டி வெள்ளக்காரன். நீங்க யாரு?"

நாலு பேரில் ஒருவனுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்று யாரும் சொல்லவில்லை. அவனைத் தன் தோளில் தாங்கி, ஒரு சுனைப்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்து, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார். எலும்பு முறியவில்லை. நிழலில் உட்கார்ந்ததும் நான் கேட்டேன், இந்த மலையை ஒரே ராத்திரியில் பிடித்த புஸ்ஸியைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று. "பூசியா? அந்தப் பேருல இங்க யாரும் இல்லையேப்பா" என்றார். பிறகு அவராகவே தேசிங்கு ராஜன் கதையை ஆரம்பித்தார். நீலவேணிக் குதிரை, கூடவே செத்த சிநேகிதன் மோவுத்துக்காரன், உடன்கட்டை ஏறிய ராணி. கப்பம் கட்ட மறுத்து ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714இல் செத்த தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. சில மாதங்களே ஆண்ட இளைஞன். தோற்றவன். அந்தப் பெரியவர் அவனைப் போன மாதம் பார்த்த மாதிரி பேசினார். சிநேகிதன் செத்த இடம் வந்ததும் அவருக்குக் குரல் கம்மியது. அதற்கு 36 வருஷம் கழித்து வந்து ஜெயித்தவரின் பெயர் அந்த மலையில் ஒட்டவில்லை. ஒட்டியதெல்லாம் நம் ஊரில்தான்.

மீதியை நான் பின்னால், எல்.டி.சி.யாக வேலை பார்த்த நாட்களில், ரோமன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பழைய தென்னாற்காடு ஜில்லா கெஜட்டியரில் ஒரு குறிப்பு உண்டு. செஞ்சி மிக மோசமான காய்ச்சல் பூமி. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் வைத்ததில்லை. ஆனால் கையில் இருந்த பத்து வருஷத்தில் 1200 பேர் செத்ததாகச் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குமாஸ்தா புத்தி, நான் போட்டேன். மாதம் பத்துப் பேர். ஒரு ராத்திரியில் கிடைத்ததற்குக் கொடுத்த வாடகை அது. பிரெத்தாஞ், நொர்மாந்தி என்று எங்கிருந்தோ வந்த பையன்கள், எங்கள் வயதுதான் இருக்கும். புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் விழுந்தது. செஞ்சி ஏப்ரல் 5 வரை தாக்குப்பிடித்தது. அன்றோடு இந்தியாவில் பிரெஞ்சுக் கொடி பறந்த இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. நம் ஊரைத் திருப்பிக் கொடுத்ததெல்லாம் பிறகு வந்த உடன்படிக்கையில். புஸ்ஸி 1785இல் இங்கேயே, புதுச்சேரியில், இறந்தார்.

செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்ததில் இன்றும் கண்ணுக்குத் தெரிவது கடற்கரையில் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் வெங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை. காந்திக்கு முன்னால் அங்கே துய்ப்ளே நின்றார். 1870இல் வைத்த சிலை. இப்போது அவர் கடற்கரையின் தெற்குப் பக்கம் போய்விட்டார். தூண்கள் நகரவில்லை.

என் நண்பன் தேறினான், பரிசோதனையிலும் தேறினான், ஜூனில் போனான். போகிற அன்று நொண்டிக்கொண்டே கையசைத்தான். முதல் பத்து வருஷம் கடிதம் வந்தது. பிறகு புது வருஷ வாழ்த்து அட்டை மட்டும். பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அதே வீதியில் வீட்டை இடித்துக் கட்டினான். சாயங்காலம் இரண்டு பேரும் அந்தத் தூண்களின் பக்கத்தில் உட்காருவது வழக்கமாயிற்று.

ஒருநாள் அவனிடம் சொல்லிவிட்டேன். "உன் கால் முறிஞ்சிருக்கக் கூடாதான்னு அன்னைக்கு நினைச்சேன்டா." அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எந்தக் காலுடா?" என்றான்.

வலது என்றேன். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினான். இடது.