மங்கும் ஒளி சொல்லும் செய்தி

1987 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24 ஆம் திகதி, சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் வானியல் அவதான நிலையத்தில் கனடா நாட்டவரான இயன் ஷெல்டன் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். எமது பால்வீதிக்கு அயலில் உள்ள பெரிய மகெல்லன் மேகத்தில், முன்னர் காணப்படாத பிரகாசமான புள்ளியொன்று அதில் தென்பட்டது. தகட்டின் குறைபாடாக இருக்குமோ என ஐயுற்ற அவர் வெளியே வந்து பார்த்தபோது, அது வெற்றுக் கண்ணுக்கே தெரிந்தது. அங்கு பணியாற்றிய ஒஸ்கார் டுஹால்டேயும் அன்றிரவு அதனைக் கண்டிருந்தார். சில மணி நேரத்தில் நியூசிலாந்தின் அல்பர்ட் ஜோன்ஸும் தனித்து அதனைக் கண்டறிந்தார்.

சுமார் 168,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்ந்த இவ்விண்மீன் வெடிப்பே 1604 இன் பின்னர் பூமியிலிருந்து மிகப் பிரகாசமாகத் தென்பட்ட சுப்பர்நோவாவாகும். இதன் ஒளி அவ்வாண்டு மே மாதத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் மங்கத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் வெற்றுக் கண்ணுக்கு அது மறைந்துபோனது. ஆனால், வானியலாளருக்குப் பெறுமதிமிக்க சான்றுகளை அளித்தது அந்த மங்குதலேயாகும்.

வெடிப்பின்போது உருவாகும் கதிர்த்தொழிற்பாடுள்ள நிக்கல், சில நாட்களில் கோபாற்றாகவும் பின்னர் இரும்பாகவும் மாறும். கோபாற்று 56 இன் அரைவாழ்வுக்காலம் 77 நாட்களாகும். சுப்பர்நோவாவின் ஒளியும் ஏறத்தாழ அதே வேகத்திலேயே குறைந்து சென்றது. இதிலிருந்து, பூமியைப் போன்று 20,000 மடங்கிற்கும் அதிகமான திணிவுடைய நிக்கல் அவ்வெடிப்பில் தோன்றியமை கணக்கிடப்பட்டது. இரும்பு போன்ற மூலகங்கள் விண்மீன்களின் அழிவில் உருவாகின்றன என்ற கோட்பாட்டிற்கு இது நேரடிச் சான்றாயிற்று. எமது குருதியிலுள்ள இரும்பின் பூர்வீகமும் இத்தகைய வெடிப்புகளே.

கண்ட வியப்பைக் குறித்து வைக்கும் வழக்கம் புதியதன்று. 1006 இல் தோன்றிய சுப்பர்நோவாவைத் தாம் மாணவராக இருந்தபோது கண்ட எகிப்திய மருத்துவர் அலி இப்னு ரிழ்வான், அதனை வெள்ளிக் கோளுடன் ஒப்பிட்டும் அப்போது கோள்கள் இருந்த நிலைகளைக் குறிப்பிட்டும் எழுதி வைத்தார். 1054 இல் தோன்றிய 'விருந்தாளி விண்மீனை' சீன அவதானிகள் அது மறையும் வரை ஏறத்தாழ 21 மாதங்கள் பின்தொடர்ந்தனர். அக்குறிப்புகளின் துணையுடனேயே இன்றைய நண்டு வடிவ நெபுலா அவ்வெடிப்பின் எச்சம் என அறியப்பட்டது.

வால்வெள்ளிகளுக்கும் இது பொருந்தும். சூரியனை அண்மிக்கும்போது அவற்றின் பனி ஆவியாகி வாயுவும் தூசும் வெளியேறுவதால் அவை பிரகாசமடைகின்றன. விலகிச் செல்லும்போது மங்குகின்றன. இம்மாற்றத்தின் வேகம் அவற்றின் உள்ளமைப்பை உணர்த்துகிறது. எனினும் அவை கணிப்புக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. சுசின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி சூரியனை நெருங்கு முன்னரே சிதறிவிடக்கூடும் என 2024 இன் நடுப்பகுதியில் எதிர்வு கூறப்பட்டது. ஆயினும் அது தப்பிப் பிழைத்து, அவ்வாண்டு ஒக்டோபரில் வெற்றுக் கண்ணுக்கே காட்சியளித்தது.

இவ்விரு துறைகளையும் இணைத்தவர் மேற்குறித்த அல்பர்ட் ஜோன்ஸ். தொழில்முறை வானியலாளரல்லாத இவர், ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான அவதானிப்புகளைப் பதிவு செய்தவர். 1946 இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்த அவர், 54 ஆண்டுகளின் பின்னர், 2000 ஆம் ஆண்டில் தமது 80 ஆவது வயதில் மற்றொன்றைக் கண்டுபிடித்தார். வழமையான விண்மீன் அவதானிப்பின்போதே இவை அவர் கண்ணிற் பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. அவர் 2013 இல் காலமானார்.

இன்று தன்னியக்கத் தொலைகாட்டிகள் இரவுதோறும் வானத்தைத் துழாவிப் புதியவற்றைக் கண்டறிகின்றன. ஆனால் கண்டறிதலுடன் பணி முடிவதில்லை. 1987 இன் சுப்பர்நோவா தன்னுள் விட்டுச்சென்ற நியூத்திரன் விண்மீனுக்கான வலுவான சான்று, ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் அவதானிப்புகளின் மூலம் 2024 இலேயே வெளியாகியது. அதற்காக அறிவியலுலகம் 37 ஆண்டுகள் காத்திருந்தது. புதிதாகத் தோன்றும் ஒளி ஒரு நாள் செய்தியாகலாம். அது அடங்கும் வரை பொறுமையுடன் நோக்கி எழுதி வைப்போராலேயே அது அறிவாகிறது.