பர்பன் விஸ்கியும் பச்சை முத்திரையும்

பர்பன் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்காச்சோளத்தை முதன்மைத் தானியமாகக் கொண்டு வடிக்கப்படும் விஸ்கி வகை. ஊறலில் சேரும் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடித்த சாராயத்தை, உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலத்தில் வைக்க வேண்டும். நிறமோ சுவையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. இவ்வளவு கண்டிப்பான வரையறை கொண்ட மதுவகைகள் உலகில் அதிகமில்லை. நல்ல பர்பனைத் தேடும் ஒருவர் இன்று நம்பிப் படிக்கும் லேபிளின் பல சொற்களுக்குப் பின்னால் ஒரு சட்டமோ பெரும் சச்சரவோ இருக்கிறது.

பீப்பாய்க் காலம்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விஸ்கி பொதுவாகப் புட்டியில் விற்கப்படவில்லை. ஆலைகள் பீப்பாய் பீப்பாயாக மொத்த வணிகர்களுக்கு விற்றன. மதுக்கடையிலும் மருந்துக்கடையிலும் வாடிக்கையாளர் கொண்டுவந்த சாடியில் அது ஊற்றித் தரப்பட்டது. பீப்பாயின் மேல் ஆலையின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது அந்த ஆலையின் சரக்குதானா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நல்ல விஸ்கி செய்யத் தெரிந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து கென்டக்கிக்கு வந்த ஜேம்ஸ் குரோ அவர்களில் ஒருவர். 1856இல் இறக்கும்வரை அவர் வெப்பமானியும் அளவைக் கருவிகளுமாக ஊறலைக் கண்காணித்தார். முந்தைய வடிப்பில் எஞ்சிய புளித்த கழிவுநீரில் ஒரு பகுதியைப் புதிய ஊறலில் சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர் அவரே. தோசை மாவில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதை இது நினைவூட்டலாம், ஆனால் நோக்கம் வேறு. இங்கே சேர்க்கப்படுவது வடிகலத்தில் கொதித்து முடிந்த நீர். அதில் உயிருள்ள நுரைமம் இல்லை. அதன் புளிப்பு, வேண்டாத நுண்ணுயிர்களைத் தடுத்து ஒவ்வொரு ஊறலையும் ஒரே தன்மையில் வைக்க உதவியது.

ஆனால் பீப்பாய் ஆலையை விட்டு வெளியேறியதும் அந்தக் கவனத்துக்குப் பொருள் இல்லாமல் போனது. இடையில் நின்றவர்கள் ரெக்டிஃபையர் எனப்பட்ட கலவை வணிகர்கள். எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். நல்ல விஸ்கிகளைத் தேர்ந்து கலந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் பலர் மலிவான, மணமற்ற எரிசாராயத்தில் கருக்கிய சர்க்கரையைச் சேர்த்து நிறமேற்றினர், உலர்பழச் சாற்றைச் சேர்த்துச் சுவையூட்டினர், அதைப் 'பழைய விஸ்கி' என்று விற்றனர். இதற்குக் கைநூல்களே அச்சாயின. பியர் லாகூர் என்பவர் 1853இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, மதுவகைகளை 'வடிக்காமலே' தயாரிப்பதைப் பற்றியது என்று அறிவித்தது. மறைப்பதற்குரிய தொழிலாக அன்று யாரும் இதைக் கருதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முதல் விடையொன்றை ஒரு வணிகர் கண்டார். மருந்து விற்பனையாளராக இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன், 1870இல் லூயிவில் நகரில் ஓல்ட் ஃபாரெஸ்டர் என்ற பர்பனை மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டியில் மட்டும் விற்கத் தொடங்கினார். அக்காலத்தில் மருத்துவர்கள் விஸ்கியை மருந்தாக எழுதிக்கொடுத்தனர், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே சரக்கு கிடைக்கவில்லை. மருந்துலகிலிருந்து வந்தவருக்கு அந்தக் குறை எளிதில் புரிந்திருக்கும்.

1897ஆம் ஆண்டுச் சட்டம்

ஒரு வணிகரின் முத்திரை அவருடைய சொல்லுக்கு மட்டுமே பிணை. அரசே பிணை நிற்க வேண்டும் என்று முனைந்தவர் எட்மண்ட் ஹேய்ன்ஸ் டெய்லர். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கென்டக்கி ஆற்றங்கரையில் அவர் வளர்த்த ஆலை இன்று பஃபலோ டிரேஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அன்றைய நிதித்துறைச் செயலர் ஜான் கார்லைல் அவருக்குத் துணைநின்றார். அவரும் கென்டக்கிக்காரரே.

இருவரும் பயன்படுத்திக்கொண்டது ஏற்கெனவே இருந்த ஓர் ஏற்பாட்டை. கலால் தீர்வை கட்டப்படாத விஸ்கி, அரசு அலுவலரின் மேற்பார்வையில் பூட்டப்பட்ட கிடங்கில் இருந்தது. அங்கு முதிரும்வரை தீர்வையைத் தள்ளிப்போடலாம். வருவாய்க்காக வைத்த அந்தப் பூட்டைத் தரத்துக்கும் சான்றாக்கினால் என்ன என்பதே யோசனை. 1897 மார்ச் 3 அன்று 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் நிறைவேறியது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் குறைந்தது 4 ஆண்டு முதிர வேண்டும். 50 விழுக்காடு ஆல்கஹாலோடு புட்டியில் அடைக்க வேண்டும். இவற்றுக்கு உட்பட்ட புட்டியின் வாயில் அரசின் பச்சை முத்திரைச் சீட்டு ஒட்டப்பட்டது.

அமெரிக்காவின் தொடக்ககால நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்றாக இதைப் போற்றுவது வழக்கம். அது உண்மைதான். ஆனால் பெரிய ஆலைக்காரர்கள் கலவை வணிகர்களைச் சந்தையில் வெல்லவும் அது உதவியது என்பதை விட்டுவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். முத்திரை உறுதியளித்தது பிறப்பையும் வயதையும் வலிமையையும் மட்டுமே. சுவைக்கு அரசு பொறுப்பேற்கவில்லை, ஏற்கவும் முடியாது.

விஸ்கி என்றால் என்ன?

1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்ததும் சண்டை பெரிதானது. வேளாண் துறையின் தலைமை வேதியியலர் ஹார்வி வைலி, நேரடியாக வடித்து முதிரவைத்ததே விஸ்கி, எரிசாராயம் கலந்தது எதுவும் விஸ்கி ஆகாது என்றார். 1907இல் அட்டர்னி ஜெனரல் சார்லஸ் போனபார்ட்டும் அவர் பக்கம் சாய்ந்தார். (நெப்போலியனின் தம்பியுடைய பேரனான அவர் அமெரிக்காவில் விஸ்கிக்கு இலக்கணம் வகுக்க நேர்ந்தது ஒரு விந்தை.) நிறமேற்றிய எரிசாராயம் 'போலி விஸ்கி' என்றே குறிக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. கலவை வணிகர்கள் கொதித்தெழுந்தனர்.

1909இல் குடியரசுத் தலைவரான வில்லியம் டாஃப்ட் பின்னாளில் தலைமை நீதிபதியும் ஆனவர். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் அளித்த முடிவும் தீர்ப்புப் போலவே இருந்தது. தானியத்திலிருந்து வடித்த சாராயம் நெடுங்காலமாக விஸ்கி எனவே வழங்கிவருகிறது, அந்தப் பெயரை ஒரு சாராருக்கு மட்டும் உரிமையாக்க முடியாது என்றார். ஆனால் 'ஸ்ட்ரெயிட்' விஸ்கியா, கலவையா, எரிசாராயத்தில் செய்ததா என்பதை லேபிள் சொல்லியாக வேண்டும். வைலியின் தூய்மைவாதத்தைவிட இது நியாயமானது எனலாம். எதையும் தடைசெய்யவில்லை, எதையும் மறைக்கவும் விடவில்லை.

அதே 1909இல் பிரிட்டனின் அரச ஆணையமும் இதே கேள்விக்கு விடை கூறியது. லண்டனின் இஸ்லிங்டன் பகுதி மதுக்கடைக்காரர்கள் மீதான வழக்கில் தொடங்கிய சச்சரவு அது. முளைகட்டிய வாற்கோதுமையில் செய்ததோடு, பிற தானியங்களிலிருந்து தொடர்வடிப்புக் கலத்தில் இறக்கியதும் விஸ்கியே என ஆணையம் ஏற்றது.

டாஃப்டின் முடிவில் நமக்கு நெருக்கமான ஒரு கூறு உண்டு. கரும்புச் சர்க்கரைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை விஸ்கி என அழைக்க அவர் இடந்தரவில்லை. இந்தியாவில் மலிவு விலையில் விற்கும் விஸ்கிகள் பலவற்றின் அடிப்படை இந்த மொலாசஸ் சாராயமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை அப்பெயரில் விற்க முடியாது. வாற்கோதுமையில் வடித்த பெங்களூருவின் அம்ருத் சிங்கிள் மால்ட்டுக்கு அந்தத் தடை இல்லை. 2004இல் அது கிளாஸ்கோவிலேயே அறிமுகமானது.

பிறகு

1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் பெரும்பாலான ஆலைகள் மூடப்பட்டன. உரிமம் பெற்ற சில நிறுவனங்கள் மட்டும் மருத்துவச் சீட்டுக்கு விஸ்கி விற்றன. 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ் பர்பனைத் தன் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என அறிவித்தது. அறிவிப்பு வந்த சில ஆண்டுகளிலேயே மக்கள் வோட்காவுக்கு மாறினர். 1984இல் எல்மர் லீ, ஒவ்வொரு புட்டியும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பப்படும் பிளாண்டன்ஸ் பர்பனைக் கொண்டுவந்தார். பர்பன் மீண்டும் மதிப்புப் பெறத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பர்பனைப் புதிதாக அறிய விரும்புவோருக்கு அழகிய புட்டியைவிட அதன் சிறிய எழுத்துகள் உதவும். 'ஸ்ட்ரெயிட்' எனில் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது. வயது எழுதியிருந்தால் அது உள்ளே உள்ளவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது. 'வடித்தவர்' என்ற சொல் இல்லாமல் 'புட்டியில் அடைத்தவர்' என்று மட்டும் இருந்தால், விற்பவர் வேறோர் ஆலையின் சரக்கை வாங்கியிருக்கலாம். அது குற்றமன்று, தெரிந்திருப்பது நல்லது. ரை சேர்ந்த பர்பனில் மிளகு போன்ற காரம் தெரியும், கோதுமை சேர்ந்தது மென்மையாக இருக்கும். இரண்டையும் அருகருகே சிறிதளவு சுவைத்தால் வேறுபாடு உடனே புலப்படும். வனிலா மணம் கருகிய ஓக்கிலிருந்து வருவது. 50 விழுக்காட்டு விஸ்கியில் சில துளி நீர் விட்டால் நெடி தணிந்து அந்த மணம் மேலெழும்.

அரசின் வரி முத்திரைச் சீட்டுகள் 1980களில் கைவிடப்பட்டன. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்ற சொற்கள் சட்டப் பொருளோடு இன்னும் லேபிளில் அச்சாகின்றன.