சிவப்பு ஐசியும் இரண்டு சொற்களும்

பாட்டிக்கு எந்தப் பாரம் நிரப்பினாலும் ஓர் இடத்தில் என் கை நின்றுவிடும். 'வார்கானெகாரா' என்று கேட்டிருக்கும் கட்டம். பாட்டி 1938-இல் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர். வேறு நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கையில் இருப்பது சிவப்பு ஐசி. "இந்தியான்னு எழுதிருய்யா, எதையாவது எழுது" என்பார். இந்தியாவும் அவரைத் தன் பிரஜை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பொறியியல் முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் அக்யூரசி வேறு, பிரிசிஷன் வேறு என்று எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவரை இரண்டையுமே துல்லியம் என்றுதான் நினைத்திருந்தேன். நேஷனலிட்டி, சிட்டிசன்ஷிப் என்ற சொற்களும் அப்படித்தான். நம் பேச்சில் இரண்டுமே குடியுரிமை. ஆங்கிலேயரின் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு.

நீ எந்த அரசுக்குச் சொந்தம், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் உனக்காக எந்த அரசு பேசும் என்பதைச் சொல்வது நேஷனலிட்டி. நாட்டுக்குள்ளே ஓட்டுப் போடலாமா, பதவிக்கு நிற்கலாமா என்பதைச் சொல்வது சிட்டிசன்ஷிப். அமெரிக்கச் சமோவாவில் பிறப்பவர்கள் இன்றைக்கும் அமெரிக்காவின் 'நேஷனல்'கள்தான், சிட்டிசன்கள் அல்லர். 1935-இல் நாஜி ஜெர்மனி யூதர்களை இதே பிளவில்தான் தள்ளியது. அவர்கள் அரசுக்குச் சொந்தமானவர்களாக இருந்தார்கள்; குடிமக்களுக்கான அரசியல் உரிமை மட்டும் போய்விட்டது.

மலாயாவிலும் இந்தப் பிளவு இருந்தது. பினாங்கும் மலாக்காவும் காலனிகள். அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. பேராக் சுல்தானின் நாடு. அங்கே பிறந்ததை மட்டும் காட்டி யாரும் பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிட முடியாது. 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு உருவானபோது கூட்டரசுக் குடியுரிமை என்று ஒன்று வந்தது. ஆனால் அது நேஷனலிட்டி ஆகாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். பேராக் மலாய்க்காரர் பேராக் சுல்தானின் பிரஜையாகவே நீடித்தார். பினாங்கில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜையாகவே நீடித்தார். புதிய குடியுரிமை அதற்கு மேல் போட்டுக்கொள்ளும் ஒரு சட்டை மாதிரி. அந்தச் சட்டையை வாங்க மனுப்போட வேண்டியவர்களுக்கு நிபந்தனை கடுமை: இங்கே பிறந்தவரென்றால் முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வெளியே பிறந்தவரென்றால் 20-இல் 15.

இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நம் பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகும் பக்கம். 1947-இல் புத்தேரா-ஏஎம்சிஜேஏ கூட்டணி 'மக்கள் அரசியலமைப்பு' என்ற வரைவை வெளியிட்டது. ஜான் திவி தலைமையில் இருந்த மஇகாவும் அந்த அணியில் இருந்தது. இரண்டு சொற்களையும் ஒன்றாக்கு, இங்கே பிறந்தவரெல்லாம் குடிமக்கள், அவர்களது நேஷனலிட்டியின் பெயர் 'மெலாயு' என்றது அந்த வரைவு. அந்தப் பெயருக்கு மதச்சாயல் கிடையாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தாலும் நடந்தது. பிரிட்டிஷார் கண்டுகொள்ளவில்லை. அது நிறைவேறியிருந்தால் என் பாட்டி பத்து வயதுக்குள் 'மெலாயு' ஆகியிருப்பார். இதை நான் அவரிடம் சொன்னபோது வெற்றிலையோடு சிரித்தார்.

1957-இல் இரண்டு சொற்களும் கடைசியில் ஒன்றாகின. அரசியலமைப்பில் குடியுரிமை மட்டும்தான். மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்தவர்களுக்கு அது பிறப்போடு வந்தது. 1962-இல் அந்த விதியையும் இறுக்கினார்கள். பாட்டியைப் போல முன்பே பிறந்தவர்கள் மனுப்போட வேண்டும். முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா, "ரெண்டு வருசத்துல ஊருக்குப் போயிருவோம், எதுக்கு வீண் கையெழுத்து?" என்றாராம். அவர் போகவில்லை. அந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பாட்டி பிறகு இரண்டு முறை மனுப்போட்டார். ஒரு தடவை பிறப்புப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை பதிலே வரவில்லை.

சொற்களைப் பிரிப்பது அநியாயம், சேர்த்தால் நியாயம் வந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பிரிந்திருந்தபோது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கொடுக்காமல் இருக்க முடிந்தது. சேர்ந்தபோது வெளியே நின்றவர்களுக்கு இரண்டுமே இல்லாமல் போனது. 1947-இல் அந்த வரைவை எழுதியவர்கள் சொற்களைச் சேர்த்ததோடு நிற்கவில்லை, கதவையும் அகலமாகத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

2022 நவம்பர் 19 அன்று முதன்முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாட்டி என் விரலைப் பிடித்து மையைத் தேய்த்துப் பார்த்தார். "போகாதாய்யா இது?" என்றார். சில நாள் இருக்கும் பாட்டி என்றேன். அடுத்த வாரமும் அவரே கேட்டுப் பார்த்தார். அப்போதும் கொஞ்சம் இருந்தது.