கூரை வெப்பக்காப்புப் பதிவு

கூரை வெப்பக்காப்புப் பதிவு என்பது, கட்டி முடிக்கப்பட்ட வீட்டின் கூரையில் பின்னர் செய்யப்படும் வெப்பத்தடுப்பு வேலைகளை, ஆற்றல் தரச் சான்றிதழுக்கான கணக்கீட்டுக்கு உதவும் வகையில் அளந்து ஆவணப்படுத்துதல் ஆகும். குளிர் நாடுகளில் இத்தகைய பதிவு பெரும்பாலும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன், சுவர்க் காப்பு முதலியவற்றைப் பற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சென்னையில் வெளிவெப்பம் உட்புகாமல் தடுப்பதே முதன்மையானது.

இந்திய விதிகள்

இந்திய எரிசக்தித் திறன் பணியகம் உருவாக்கிய எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்பு ஆற்றல் விதித்தொகுப்பு 2018 திசம்பரில் வெளியிடப்பட்டது. இதன்படி கூரையின் வெப்பக் கடத்தல் மதிப்பு (யூ மதிப்பு) சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 1.2 வாட்டை மிஞ்சக்கூடாது. இவ்விதிகள் 500 சதுர மீட்டர் (ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு) அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கே உரியவை. இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளின் சிறு மனை வீடுகள் இவ்வரம்புக்குள் வாரா. எனினும் கணக்கீட்டு முறை எந்தக் கூரைக்கும் பொருந்தும்.

கணக்கீடு

ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் (மீட்டரில்) அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் அவ்வடுக்கின் வெப்பத்தடை கிடைக்கும். அனைத்தையும் கூட்டி, மேற்பரப்புத் தடைகளான 0.17, 0.04 ஆகியவற்றைச் சேர்த்து, தலைகீழாக்கினால் யூ மதிப்பு பெறப்படும். 150 மி.மீ கான்கிரீட் தளத்துக்கான (கடத்துதிறன் 1.58) எடுத்துக்காட்டுகள்:

* வெறும் தளம்: 3.28
* 75 மி.மீ சுண்ணாம்பு-செங்கல் ஜல்லித் தளம் சேர்த்தால்: ஏறத்தாழ 2.5
* 15 மி.மீ தெர்மோகோல் (கடத்துதிறன் 0.035) சேர்த்தால்: 1.36
* 25 மி.மீ தெர்மோகோல் சேர்த்தால்: 0.98

15 மி.மீ பலகையை 25 மி.மீ எனப் பதிந்தால், வரம்பை மீறும் கூரை தாளில் தேறிவிடும். வீட்டில் வெப்பம் குறையாது. மேலே தட்டோடு பதித்தபின் தளத்தை உடைக்காமல் இப்பிழையைக் கண்டறிதல் கடினம்.

பதிய வேண்டியவை

* பழைய கூரையின் அடுக்குகளும் தடிப்பும்
* காப்புப் பொருளின் பெயர், அளந்த தடிப்பு, உற்பத்தியாளர் தரும் கடத்துதிறன்
* மூடுவதற்கு முன் அளவுகோலுடன் எடுத்த, தேதியிட்ட ஒளிப்படம்
* காப்பிடப்பட்ட பரப்பளவு, விடுபட்ட இடங்கள்
* நீர்க்காப்பு விவரம் (ஈரம் புகுந்தால் காப்புத்திறன் குறையும்)

வெண்பூச்சைத் தனியே பதிய வேண்டும். அது யூ மதிப்பை மாற்றுவதில்லை. சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் திறனையே கூட்டுகிறது. எண்ணூர் போன்று நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் படியும் இடங்களில் இத்திறன் குறையக்கூடும். ஆகவே பூசிய நாளும் கழுவிய நாளும் இன்றியமையாதவை.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் ஆற்றல் திறன் சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். மறைந்துள்ள காப்புக்கு ஆவணச் சான்று இல்லையெனில், வீடு கட்டப்பட்ட காலத்துக்குரிய ஊக மதிப்பே கொள்ளப்படும். உண்மையாகச் செய்த வேலையும் கணக்கில் சேராது போகலாம். அங்கு 2019 இல் வெளியான பி.ஏ.எஸ் 2035 என்னும் தர ஆவணம், வேலைக்கு முன் வீட்டை மதிப்பிடுவதையும் முடிந்தபின் ஆவணங்களை வீட்டாரிடம் ஒப்படைப்பதையும் வலியுறுத்துகிறது.

இவற்றையும் பார்க்க

* வெப்பக் கடத்துதிறன்
* மெட்ராசு மொட்டைமாடிக் கூரை