ஒரு கல் புகைக்குழாயின் கேஸ் ஹிஸ்டரி

1/ ஈதர் மயக்க மருந்து யாரோட கண்டுபிடிப்புன்னு 1846-க்கு அப்புறம் பாஸ்டன்ல பெரிய சண்டையே நடந்துச்சு. அதுல உரிமை கேட்ட ஒருத்தர் டாக்டர் சார்லஸ் ஜாக்சன். எங்க துறையில அவரை அப்படித்தான் தெரியும். ஆனா அதுக்குச் சில வருஷம் முன்னாடி அவர் ஒரு கல்லுக்குப் பேர் வச்சார். இந்த த்ரெட் அந்தக் கல்லைப் பத்தி.

2/ 1836-ல ஜார்ஜ் கேட்லின்னு ஒரு ஓவியர், இன்றைய மின்னசோட்டாவில் இருக்கும் பைப்ஸ்டோன் குவாரிக்குப் போனார். டகோட்டா மக்கள் வழியிலேயே தடுத்தாங்க. மீறிப் போனார். எடுத்த துண்டை ஜாக்சனுக்கு அனுப்ப, அவர் சோதிச்சுட்டு வச்ச பேர் 'கேட்லினைட்'. தலைமுறை தலைமுறையா வெட்டினவங்க பேர் இல்ல, தடுத்தும் கேக்காதவர் பேர்!

3/ செக்கச்செவேல்னு இருக்கும். இறுகிப்போன களிமண்தான், கத்தியாலேயே செதுக்கலாம். ஆனா அதுக்கு மேல குவார்ட்சைட் பாறை, ரொம்பக் கடினம். அதைக் கையாலேயே உடைச்சு அகற்றினாத்தான் இந்தக் கல் கிடைக்கும்.

4/ இந்தக் கல்லில் செய்த புகைக்குழாயைத்தான் கௌபாய் படங்கள்ல 'சமாதானக் குழாய்'னு பார்த்திருப்பீங்க. ஒப்பந்தம் பேசும்போது பிடிச்சதைப் பார்த்து வெள்ளையர்கள் வச்ச பேர் அது. சியூ மக்களில் ஒரு பிரிவான லகோட்டாக்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். வெள்ளைக் காட்டெருமைக் கன்றுப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள் என்பது அவங்க நம்பிக்கை. கல் கிண்ணத்தையும் மரத்தண்டையும் பிரிச்சே வச்சிருப்பாங்க. சடங்குக்கு மட்டும் சேர்ப்பாங்க. புகை வேண்டுதலைச் சுமந்துட்டுப் போகுமாம்.

5/ 1883-ல அமெரிக்க அரசு, சூரிய நடனம் போன்ற சடங்குகளைக் குற்றம்னு அறிவிச்சது. தண்டனைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? ரேஷனை நிறுத்துறது. வேட்டையாடக் காட்டெருமையும் இல்லாத காலம் அது.

6/ 1890 டிசம்பர் 29, வூண்டட் நீ. பெண்கள், குழந்தைகள் உட்பட 250 பேருக்கு மேல ராணுவத்தால் கொல்லப்பட்டாங்க. பிணங்கள்ல இருந்து கழற்றின பொருட்கள் நினைவுப்பொருளா விலைபோச்சு.

7/ இங்கதான் 'ஆன்டிக்' சேகரிப்புக்கு வர்றோம். மாசசூசெட்ஸ்ல பேரிங்கிற சின்ன ஊர். அங்க ஒரு அருங்காட்சியகத்துல, ஊர் ஊராப் போய் ஷூ வித்த ஒருத்தர் சேர்த்த பொருட்கள் நூறு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. 2022 நவம்பர்ல சுமார் 150 பொருட்களை சியூ மக்களிடமே திருப்பிக் கொடுத்தாங்க. அதுல புகைக்குழாய்களும் உண்டு. சில பொருட்கள் வூண்டட் நீயில் எடுக்கப்பட்டவைன்னு கருதப்படுது.

8/ 1990-ல வந்த சட்டப்படி, அரசுப் பணம் வாங்கும் அருங்காட்சியகங்கள் புனிதப் பொருட்களைத் திருப்பித் தரணும். இவங்க அந்தப் பணம் வாங்கல, சட்டம் கட்டுப்படுத்தல. இருந்தும் கொடுத்தாங்க.

9/ அப்போ வெளியில இருக்கிற எல்லாமே கொள்ளையா? இல்லைங்க. பரிசாக் கொடுத்ததும் உண்டு. விற்கவே செதுக்கினதும் நிறைய. கல்லை மட்டும் பார்த்து எது எந்த வகைன்னு சொல்லிட முடியாது.

10/ வயித்துவலின்னு வந்தா நாங்க உடனே ஸ்கேனுக்கு அனுப்பறதில்ல. எப்போ ஆரம்பிச்சது, எப்படி ஆரம்பிச்சதுன்னு முதல்ல ஹிஸ்டரி கேப்போம். பழம்பொருளுக்கும் அதேதான். யார் கையில இருந்தது, எந்த வருஷம் கை மாறுச்சு, கொடுத்தவருக்கு 'முடியாது'ன்னு சொல்ற நிலைமை இருந்துச்சா? ரேஷனை நிறுத்தின காலத்துல 'வித்துட்டாங்க'ன்னு எழுதியிருந்தா, அந்த வார்த்தையை அப்படியே நம்பாதீங்க.

11/ பைப்ஸ்டோன் 1937-ல தேசிய நினைவிடம் ஆச்சு. அங்கீகரிக்கப்பட்ட பூர்வகுடியினர் மட்டும்தான் அங்க கல் வெட்டலாம். இன்னிக்கும் கைக்கருவியாலதான் வெட்டறாங்க. அவங்களுக்கு இது ஆன்டிக் இல்ல. அதனால கண்ணாடிப் பெட்டியில இப்படி ஒண்ணைப் பார்த்தா, எவ்ளோ பழசு, என்ன விலைன்னு அப்புறம் கேளுங்க. முதல்ல, இங்க எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.