ஸ்பார்ஜ்: தெளிப்பும் அலசலும்

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் அதை நொறுக்கி, சுமார் 66 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாகிறது. இனிப்புச் சாற்றை வடித்த பின்னும் சக்கையில் சர்க்கரை தங்கியிருக்கும். மேலும் வெந்நீர் விட்டு அதை மீட்கும் வேலைக்கு 'ஸ்பார்ஜ்' என்று பெயர்.

மூலம் 'ஸ்பார்கெரே' என்னும் லத்தீன் வினை. பொருள் தெளித்தல், தூவுதல். கத்தோலிக்கத் திருப்பலியில் தீர்த்தம் தெளிக்கும் 'அஸ்பெர்ஜெஸ்' சடங்கும் இதே வேரில் பிறந்தது. தீர்த்தம் தெளிக்கும் கருவியை ஒத்த பூஞ்சைக்குத் தாவரவியலாளர் மிக்கேலி 1729இல் 'அஸ்பெர்ஜில்லஸ்' என்று பெயரிட்டார். ஜப்பானியர் சாகே காய்ச்ச அரிசியில் வளர்ப்பதும் அந்தப் பேரினத்துப் பூஞ்சைதான்.

ஸ்காட்லாந்தில் 'ஸ்பேர்ஜ்' பேச்சுவழக்குச் சொல். ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட தொகுப்பில், சாத்தான் கந்தகத்தை வாரித் தெறிப்பதைச் சொல்ல இதையே கையாண்டார். பீர்த் தொழிலில் இச்சொல்லும் முறையும் அங்கிருந்தே பரவின. இங்கிலாந்தில் முன்பு அதே மால்ட்டில் இரண்டு மூன்று முறை புதுநீர் ஊற்றிக் கிளறி வடிப்பார்கள். ஸ்காட்லாந்தினர் ஒருமுறை ஊறவைத்து, பிறகு மேலிருந்து வெந்நீரைத் தூவிக்கொண்டே அடியில் வடித்தார்கள்.

தூவுவதற்குக் காரணம் உண்டு. உமியோடு படிந்த மால்ட் படுகையே வடிகட்டி. முதலில் வரும் கலங்கல் சாற்றைக் குவளையில் பிடித்து மேலேயே ஊற்றினால், சற்று நேரத்தில் தெளிந்து இறங்கும். நீரைக் கொட்டினால் படுகை குழிந்து, நீர் குறுக்குவழியில் ஓடி, சர்க்கரை பின்தங்கிவிடும். நீர் 78 டிகிரியைத் தாண்டினால் உமியின் துவர்ப்பும் இறங்கும்.

இன்று பலர் செய்யும் 'பேட்ச் ஸ்பார்ஜ்' வேறு: சாறு முழுவதையும் வடித்து, நீரை மொத்தமாக ஊற்றி, கிளறி, மறுபடி வடிப்பது. இது இங்கிலாந்தின் பழைய மறுஊறலே. பெயர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, செயல் இங்கிலாந்தினுடையது. எளிய முறை, நல்ல பீரும் தரும். தெளிப்பு மட்டும் அதில் இல்லை.

தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியுண்டு. மொத்தமாக ஊற்றிக் கிளறுவது அலசல். தூவுவது தெளிப்பு, நீரைத் தெளிப்பதும் சாற்றைத் தெளியவைப்பதும் அந்த ஒரே வேரில் அடங்கும். பீர் காய்ச்சுவதைத் தமிழில் எழுதுவோர் இவ்விரு சொற்களையும் தயங்காமல் எடுத்தாளலாம்.